வெள்ளைப் படகின் கறை

அந்தப் படகை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கல்யாணமாகி நான் கொல்லிமலைக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த ஆட்டுக்கல்லும் அண்டாவும் செப்புக் குடமும் மலையடிவாரத்தில், பேளுக்குறிச்சியில் என் பிறந்த வீட்டு வாசலிலேயே கிடந்தன. எஸ்டேட் லாரி அடுத்த தடவை மேலே வரும்போது ஏற்றி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். லாரி வந்தது. என் சாமான் எதுவும் அதில் இல்லை. வைக்கோல் பிரி சுற்றிய ஒரு வெள்ளைப் படகு மட்டும், பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது.

டிரைவரிடம் கேட்டேன்.

"இதை ஏத்துனதுக்கப்புறம் ஒரு சொம்பு வெக்கக்கூட எடமில்லீங்கம்மா. ஒவ்வொரு வளைவுலயும் இதோட வாலு மலையில இடிக்குது, இல்லீன்னா பள்ளத்துல தொங்குது. நான் உசுரோட வந்து சேந்ததே பெருசு" என்றார்.

ரோடு முடிகிற இடத்திலிருந்து ஏரிவரைக்கும் அதை மூங்கில் கட்டித் தோளில் தூக்கிப் போனார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் நடந்து, கிளைகளை விலக்கிவிட்டுக்கொண்டே போனார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் காவிரிக்கரை ஆள். அவர் குடும்பமே பரிசல் தள்ளிப் பிழைத்தது. பாலம் வந்து பரிசல்துறை ஓய்ந்தபோது, சேலத்திலிருந்து ஒரு முதலாளி, தண்ணீரில் பழகிய ஆள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டு மலையில் வேலை கொடுத்தார். படகு வரும்வரை காப்பிச் செடிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த மனுஷர், அன்றைக்குத்தான் தன் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

படகு மரமா தகரமா என்று யாருக்கும் விளங்கவில்லை. விரலால் தட்டினால் முற்றிய பூசணிக்காய் மாதிரி சத்தம் வந்தது. கண்ணாடி நூலையும் ஏதோ பிசினையும் சேர்த்து அச்சில் வார்த்தது என்றும், ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் சென்னையில் வாங்கியது என்றும் சொன்னார்கள். ஃபைபர் என்ற சொல் எங்கள் காதில் விழுந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிற்பாடு. அதன் மேல்தோல் பீங்கான் மாதிரி வழவழவென்றிருந்தது. கையை வைத்தால் கையின் நிழல் தெரிந்தது.

ஏரி என்று நான் சொல்வது பெரிய ஏரி இல்லை. முதலாளி மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியில் காப்பிக்கென்று நிலம் வாங்கி, அதன் நடுவே ஓடிய ஓடையை மண்கரை போட்டு மறித்தார். தண்ணீர் நின்று குளமாகிவிட்டது. சேலத்து விருந்தாளிகளை அழைத்து வந்து படகில் சுற்றிக்காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. மண்கரை வருவதற்கு முன்னால் அந்த ஓடையில்தான் பக்கத்து ஊர்ப் பெண்கள் குளித்தார்கள், துணி துவைத்தார்கள். கரை வந்த பிறகும் அங்கேதான் வந்தார்கள். பாறைகளில் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது, மீதிப் பாதி துறையாக இருந்தது.

எனக்கு மலையில் கிடைத்த ஒரே தோழியை அந்தத் துறையில்தான் பார்த்தேன். அவள் மலைக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், நெடிய உடம்பு, கணீரென்ற குரல். சாமையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போட்டு, பலா மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி வாழ்ந்த குடும்பம். நான் முதல் வாரம் யாரோடும் பேசாமல் ஓரமாகத் துவைத்துக்கொண்டிருந்தபோது அவள்தான் கூப்பிட்டாள்.

"கீழநாட்டுப் புள்ள, அந்தக் கல்லு வழுக்கும். இங்கிட்டு வா கண்ணு" என்று தன் கல்லில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து நான் அவளை அக்கா என்றேன். எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்தில் என்னோடு பேச ஆள் கிடையாது. மேஸ்திரி மனைவி என்னைப் பரிசல்காரன் பெண்டாட்டி என்று தள்ளியே வைத்திருந்தாள். அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தால்தான் எனக்கு வாய் திறக்கும்.

ஐப்பசி மழை முடிந்து கார்த்திகை பிறந்ததும் படகு மாறத் தொடங்கியது. தண்ணீர் தொடுகிற மட்டத்தில் சுற்றிலும் காப்பி டிகாஷன் நிறத்தில் ஒரு பட்டை விழுந்தது. அதற்குக் கீழே பாசி வழவழத்தது. என் வீட்டுக்காரர் நிழல் வேண்டும் என்று படகைக் கரையிலிருந்த பலாமரத்தடியில் கட்டியிருந்தார். மரத்துப் பாலும் சருகின் சாயமும் சொட்டி மேல்பக்கமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. அவர் தினமும் துணியால் துடைத்தார். கறை இன்னும் கொஞ்சம் பரவியதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஜீப்பில் விருந்தாளிகளோடு வந்தார். அதில் ஒரு அம்மாள் பட்டுச் சேலை கட்டியிருந்தார். படகில் ஏறும்போது சேலை ஓரம் படகின் பக்கத்தில் உரசி, பச்சையும் பழுப்புமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்த அம்மாள் சேலையை உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி முகம்தான் சிவந்துபோயிற்று. அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று துவைத்துக்கொண்டிருந்தோம்.

விருந்தாளிகள் முதலாளியின் பங்களாவுக்குப் போனதும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். தண்ணீருக்கு மேலே குரல் தெளிவாகக் கேட்கும். நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

"இதுங்க சாம்பலும் சீயக்காயும் எண்ணெயும் கரைச்சு விட்டா படகு எப்படி வெள்ளையா இருக்கும்? சாயச்சேலை வேற. நாளையிலிருந்து ஒருத்தியும் இதுல இறங்கக் கூடாது. முள் போட்டு அடைச்சிரு."

"சரிங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் இரண்டு ஆட்களோடு போய் இலந்தை முள்ளை வெட்டி வந்து துறையை அடைத்தார். வேலை முடியும்வரை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாள் காலையில் முள் இல்லை. நான் துணி மூட்டையோடு போனபோது அக்கா வழக்கம்போலத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"முள்ளு எங்கக்கா?"

"எங்க சாமைக் காட்டுல பன்னி எறங்கி அழிக்குது கண்ணு. வேலிக்கு முள்ளு வெட்ட ஆளில்லாம இருந்தோம். நல்ல முள்ளு. வெட்டி, கட்டி, தொறையிலயே வெச்சிருந்தாங்க" என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் சேலையை முறுக்கிப் பிழிந்தாள்.

என் வீட்டுக்காரர் மறுபடி முள் போட்டார். மறுபடி போயிற்று. மூன்றாவது தடவையும் அப்படித்தான். மலைச்சரிவில் அக்கா வீட்டுக் காட்டுக்கு மூன்று பக்கம் வேலி முடிந்துவிட்டது.

அன்று மத்தியானம் சோற்றில் கையை வைத்தபடி அவர் கேட்டார். "முள்ளு எங்க போச்சுன்னு முதலாளி கேட்டா நான் என்ன சொல்றது புள்ள?"

"பன்னி தின்னுருச்சுன்னு சொல்லுங்க."

"வெளையாடாத. வேலை போயிரும். நீயும் அவங்களோட நின்னு தொவைக்கிறயாமே. மேஸ்திரி சொல்றாரு."

"ஆமாங்க. தொவைக்காம அழுக்கோட உங்களை அனுப்பட்டுங்களா?"

"லயத்துக் கொழாய்ல தொவை."

"அதுல வார தண்ணி சொம்புக்கே பத்தல. நான் தொறையிலதான் தொவைப்பேன்."

அவர் எழுந்து போய்விட்டார். அவர் கோபக்காரர் இல்லை. யாரையும் எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பரிசலில் ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும் அக்கரை சேர்ப்பது ஒன்றே வேலை என்று வளர்ந்தவர். எனக்கு அப்படி வளர்ப்பு இல்லை. எங்கள் வீட்டில் ஐந்து பெண்கள். வாய் இல்லாவிட்டால் சட்டியில் சோறு மிஞ்சாது.

அந்த வாரம் மலையே தெரியாமல் மூட்டம் போட்டது. குளிரிலும் சாரலிலும் ஒருத்தியும் துறைக்குப் போகவில்லை. மூட்டம் விலகின அன்று போய்ப் பார்த்தால், படகின் பழுப்புப் பட்டை இன்னும் அகலமாகியிருந்தது. நான் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தேன். டீத்தண்ணி மாதிரி இருந்தது, புளிச்ச நாற்றம் அடித்தது. கரையோரமாகவே நடந்தேன். பங்களாவுக்குப் பின்னால், காப்பிப் பழத்தைத் தோல் உரிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உரித்த தோலும் கழுவின சாறும் வாய்க்கால் வழியாக நேரே குளத்துக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு ஓடிவந்து அவரிடம் சொன்னேன். அவர் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மெஷின் தண்ணிதான் கறைன்னு தெரியும். கார்த்திகையில மெஷின் ஓட ஆரம்பிச்சப்பத்தான் பட்டையும் விழுந்துச்சு."

"தெரிஞ்சுமா எங்க தொறைக்கு முள்ளு போட்டீங்க?"

அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவரும் என்னைத் தேற்ற வரவில்லை. சாயங்காலம் அடுப்பு மூட்டும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கறை என்று ஒன்று இருப்பதால்தானே இந்தப் பேச்சு. கறையே இல்லாமல் செய்துவிட்டால் எதைச் சொல்லி எங்களை வெளியே போகச் சொல்வார்கள்? படகை நானே வெளுப்பாக்குவது என்று முடிவு செய்தேன். முதலாளிக்காக இல்லை. அவர் கையில் இருக்கிற சாக்கைப் பிடுங்குவதற்காக.

அவரிடம் சொன்னேன். "பொங்கலுக்கப்புறம் பெரிய விருந்து வெச்சிருக்காராம். அதுக்குள்ள முடியுமா?" என்றார். எங்களுக்குள் சமாதானம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

மேட்டில் இரண்டு மரத்தண்டுகளைப் போட்டு, படகைக் கவிழ்த்து வைத்தோம். எங்கள் இருவரால் முடியவில்லை. துறையிலிருந்த பெண்கள் வந்து கைகொடுத்தார்கள். "எங்களை வெரட்டுற படகுக்கு நாங்களே முதுகு தேய்க்கணுமா" என்று ஒருத்தி முனகினாள். அக்கா அவளை அடக்கினாள்.

முதலில் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தேன். பாத்திரத்துக்கு அதுதானே பழக்கம். கறை போயிற்று. நானே என் கையை மெச்சிக்கொண்டேன். வெயில் பட்டதும் பார்த்தால், தேய்த்த இடத்தில் பளபளப்பு செத்து, சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகியிருந்தது. விரலால் தடவினால் சொரசொரவென்றது. சோதித்துப் பார்க்கப் படகைத் தண்ணீரில் விட்டோம். வழவழப்பாக இருந்த இடங்களைவிட அந்தச் சொரசொரப்பான இடம்தான் முதலில் பழுப்பேறியது. தோலைக் கீறிவிட்டால் அழுக்கு உள்ளேயே குடியேறிவிடுகிறது. செங்கல் பொடியைக் கொட்டிவிட்டேன்.

பிறகு புளி. பழம்புளியைக் கரைத்துக் கெட்டிச் சாந்தாக்கி, பட்டை முழுக்க அப்பினேன். காய்ந்து போனதும் கழுவினால் பாதிக் கறைதான் போயிற்று. காயவிடக் கூடாது என்று தோன்றியது. அடுத்த நாள் புளியை அப்பி, அதன் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தி, சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் சாக்கை விலக்கி மெல்லிய துணியால் துடைத்தபோது, பழுப்பு அப்படியே கரைந்து துணியோடு வந்தது. அடியில் பால் வெள்ளை. என்னையும் அறியாமல் அக்காவைக் கூவிக் கூப்பிட்டேன். அவள் ஈரச்சேலையோடு ஏறி வந்து பார்த்து, "புளிச்ச தண்ணி ஏத்துன கறையைப் புளியே எறக்கிருச்சே" என்றாள்.

பலாப்பால் புளிக்கு அசையவில்லை. அதற்குத் தேங்காய் எண்ணெய். பலாப்பழம் அறுக்கிற எவளுக்கும் தெரிந்ததுதான். எண்ணெய் தொட்டு ஊறவிட்டு, கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தோம். எண்ணெய்ப் பிசுக்கு போக, தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தூள். பாசிக்கு வெறும் தண்ணீரும் துணியும் போதும், காய்வதற்கு முன்னால் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பாசிதான் பிடிவாதம்.

வெளுத்தாயிற்று. வெளுப்பு நிற்க வேண்டுமே. கீறின இடம் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை மூட ஏதாவது பூச வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் மலைத்தேன் எடுப்பவர். தேன் பிழிந்த அடையை உருக்கி வடிகட்டி, மெழுகு உருண்டைகளாக வைத்திருந்தார்கள். அக்கா இரண்டு உருண்டை கொண்டுவந்தாள். நான் அதை விளக்கெண்ணெயோடு சேர்த்து உருக்கினேன். எண்ணெய் கூடிப்போய், பூசின இடமெல்லாம் பிசுபிசுத்துத் தூசியும் கொசுவும் ஒட்டிக்கொண்டன. எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு, எண்ணெயை ஒரு சொட்டு அளவுக்குக் குறைத்து மறுபடி உருக்கினேன். நிழலில் வைத்து, மெல்லியதாகப் பூசி, ஆறினதும் பழைய வேட்டித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கப் படகு மினுங்கியது. மேலே தண்ணீர் தெளித்தால் சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவதுபோல உருண்டு ஓடியது. கீறின இடம் மட்டும் கொஞ்சம் மங்கலாகவே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் பலாமரத்தடியை விட்டுத் தள்ளி, நான்கு கால் நட்டு, தர்ப்பைப் புல் வேய்ந்து ஒரு கொட்டகை போட்டார். ஓட்டாத நேரத்தில் படகைத் தண்ணீரில் விடுவதில்லை, கரையேற்றிக் கொட்டகைக்குள் வைப்பது என்று பழக்கம் செய்துகொண்டார். அந்தச் சில வாரங்களில் அவர் முகம் தெளிந்துவிட்டது. நாங்கள் தேய்த்துக்கொண்டே பேசுவோம். காவிரியில் வெள்ளம் வந்தபோது ஒரு மாட்டைப் பரிசலில் ஏற்றிய கதையெல்லாம் அப்போதுதான் சொன்னார். துறையில் பெண்கள் துவைத்தார்கள். யாரும் முள் போடவில்லை.

விருந்துக்கு முன்னால் முதலாளி படகைப் பார்க்க வந்தார். தன் கையாலேயே தடவிப் பார்த்தார். வாங்கி வந்தபோதுகூட இப்படி இல்லையே என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "யார் செஞ்சது?" என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். நான் அக்காவையும் மற்றவர்களையும் காட்டினேன். அவர்கள் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் முகம் மாறியது. "இவங்களை இங்க வர வேண்டாம்னு சொன்னேனே" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

நான் முந்திக்கொண்டேன். "கறை எங்களால வரலீங்க. மெஷின் தண்ணியால வருதுங்க. இத்தனை நாளும் நாங்க இங்கதான் தொவைச்சோம். பாருங்க, பளிங்கு மாதிரி இருக்குது."

"மெஷின் தண்ணி விஷயம் எனக்குத் தெரியும்மா" என்றார் அவர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. "அதுக்கில்லை. நாலு பெரிய மனுஷங்க வர்ற இடத்துல பொம்பளைங்க அரையும் குறையுமா நின்னு துவைச்சா பார்க்க நல்லாவா இருக்கு?"

 சீயக்காய், சாம்பல், சாயம் என்று சொன்னதெல்லாம் சும்மா. நான் கேட்டேன். "அப்போ நீங்க கறைன்னு சொன்னது எங்களைத்தானுங்களா?"

 என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

அக்கா மேலே ஏறி வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க சாமி, இந்தத் தண்ணி மேலருந்து எங்க காட்டு வழியாத்தான் வருது. நீங்க கரை போட்டு நிறுத்தி வெச்சிருக்கீங்க, நாங்க ஒண்ணும் கேக்கல. எங்களுக்கு இந்தக் கல்லு போதும். இதைவிட்டுப் போகமாட்டோம்."

"இது என் பட்டா நிலம்."

"நெலம் உங்களுதுங்க. தண்ணிக்கும் பட்டா வாங்கிட்டீங்களா?"

அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

விருந்து நாள் காலையில் நான் எழுந்து முதல் வேலையாகத் துணி மூட்டையைக் கட்டினேன். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டி, துடுப்போடு நின்றார். "இன்னைக்கி ஒரு நாள் போகாம இரு" என்றார். கெஞ்சுகிற குரல். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இன்னைக்கிப் போகலீன்னா நாளைக்கும் போகக் கூடாதும்பாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

துறையில் வழக்கமாக வருகிற பெண்களோடு, வராத பெண்களும் வந்திருந்தார்கள். அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறாள். வீட்டிலிருந்த சுத்தமான துணியைக்கூட எடுத்து வந்திருந்தார்கள். கம்பளி, சாக்கு, சாமி கும்பிடும்போது கட்டுகிற பட்டு, எல்லாம் தண்ணீரில் நனைந்தது. துவைக்கிற சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பியது.

விருந்தாளிகள் வந்தார்கள். முதலாளி எங்களைப் பார்த்தார், பார்க்காததுபோல நின்றார். அத்தனை பேர் முன்னால் எங்களை விரட்ட அவரால் முடியவில்லை. என் வீட்டுக்காரர் முதலாளியையும் விருந்தாளிகளையும் படகில் ஏற்றிக்கொண்டு தள்ளினார். குளம் சின்னது. எப்படிச் சுற்றினாலும் எங்கள் துறையைத் தாண்டித்தான் போக வேண்டும். படகு பக்கத்தில் வந்தது.  என் வீட்டுக்காரர் ஏதாவது கத்துவார், எங்களைத் தள்ளிப் போகச் சொல்வார் என்று பயந்தேன்.

அவர் துடுப்பை நிறுத்தினார். "அக்கா, துடுப்பு படப்போவுது, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார் அக்காவிடம். அக்கா நகர்ந்து வழிவிட்டாள். படகு எங்கள் நடுவே போயிற்று. ஒரு விருந்தாளி படகின் வெள்ளையைக் காட்டி ஏதோ புகழ்ந்தார். "எங்க ஊட்டுப் பொம்பளைங்க தொடச்சதுங்க. அதோ அங்க நிக்கிறாங்க" என்று என் வீட்டுக்காரர் கையை நீட்டிக் காட்டினார். முதலாளிக்கு எதிரே உட்கார்ந்தபடி அவர் இதைச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அந்த மனுஷர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

மாசக் கடைசியில் வேலை போயிற்று. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். காவிரிக்கரைக்கே போய்விடலாம் என்றார் அவர். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போனால் நாங்கள் பயந்து ஓடியதாகத்தான் எஸ்டேட்டில் பேசிக்கொள்வார்கள். அக்காவின் ஊரில் ஒரு குடிசை காலியாக இருந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் பேசினார்கள். கீழநாட்டு ஆட்களை ஊருக்குள் குடிவைப்பது அங்கே வழக்கமில்லை. பேச்சு இரண்டு கூட்டம் வரைக்கும் இழுத்தது. கடைசியில், துறைக்காக வேலையை இழந்தவர்கள் என்று சொல்லிச் சம்மதித்தார்கள். விளைச்சலில் பங்கு தருவதாக, வாரத்துக்கு நிலம் எடுத்துக் குச்சிக்கிழங்கு போட்டோம். மிளகு பறித்துக் கட்டிக்கொண்டு அவர் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குவார். அந்தக் குடிசையில்தான் என் மூத்த பெண் பிறந்தாள். அக்காதான் பிரசவம் பார்த்தாள்.

எங்களுக்குப் பிறகு படகைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போட்டார்கள். அவன் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டான். அடுத்த காப்பிப் பருவத்தில் படகு சாணி நிறத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே துவைத்தோம். அதற்கப்புறம் துறைக்கு யாரும் முள் போடவில்லை.

ஒரு நாள் ஜீப் டிரைவர் எங்கள் குடிசைக்கு வந்தார். நல்ல மனுஷர். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"முதலாளி சொல்லிவிட்டாருங்க. படகை மறுபடி அந்த மாதிரி ஆக்கித் தரணுமாம். கேக்குற கூலி தாராராம். உங்க ஊட்டுக்காரரையும் வேலைக்குச் சேத்துக்கிறாராம். நடந்ததை மறந்துரலாம்னாரு."

"நாங்க எதை மறக்கணுமாம்?" என்று கேட்டேன்.

 நான் அவருக்கு மோர் கொடுத்தேன். குடித்து முடித்ததும் சொன்னேன். "புளி, தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு. காயவிடாம ஊறவெக்கணும், செங்கல் பொடி தொடக் கூடாது, நெழல்ல வெச்சுப் பூசணும். இவ்வளவுதான் வித்தை. அவருகிட்ட சொல்லுங்க. அவரு ஊட்டு ஆளுங்க யாரை வேணும்னாலும் வெச்சுத் தேய்ச்சுக்கட்டும். நான் வரலீங்க."

டிரைவர் போனபிறகு என் வீட்டுக்காரர் நடுவதற்குக் கிழங்குக் குச்சியை நறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "போயிருக்கலாம் புள்ள. எனக்குத் துடுப்புப் புடிக்காம கை என்னமோ மாதிரி இருக்குது" என்றார்.

"தெரியுங்க" என்றேன். தெரியத்தான் செய்தது. அவருக்கு நான் செய்தது கஷ்டம்தான். அதற்காக நான் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. நறுக்கின குச்சிகளைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டார். நான் பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டேன். வெயில் ஏறுவதற்குள் நட்டு முடிக்கலாம் என்று இரண்டு பேரும் காட்டுக்கு நடந்தோம்.